நட்டுக்கும் முகம் உண்டு: ஏடிவி அலாய் சக்கரத்துக்கு நட் பார்த்து வாங்குவது

கானாடுகாத்தான் பக்கம் என் பெரியப்பா மகனுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. தென்னை, மா, ஓரத்தில் கொஞ்சம் தைலமரம். அதைச் சுற்றி வர அவர் வைத்திருப்பது ஒரு ஏடிவி. பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பார் பிடித்து ஓட்டுகிற, பருத்த டயர் போட்ட நாலு சக்கர வண்டி. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ரோட்டில் ஓட்டப் பதிவு கிடையாது. அதனால் அது தோப்பையும் அடுத்திருக்கும் கண்மாய்க் கரையையும் தாண்டி வருவதில்லை. வெளியே வர வேண்டுமென்றால் டெம்போவில் ஏறித்தான் வரும்.

போன தை மாதம் அண்ணன் பழைய ஸ்டீல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அலாய் சக்கரம் வாங்கிப் போட்டார். நாலும் பெட்டியில் வந்து இறங்கின. நட் வரவில்லை. பழைய நட்டே இருக்கிறதே என்று அதையே போட்டு முடுக்கிவிட்டார். கரையில் மூன்று சுற்று போயிருப்பார், எனக்குப் போன் வந்தது.

"தம்பி, பின்னாடி ஏதோ ஆடுதுப்பா. நட்டெல்லாம் டைட்டாத்தான் இருக்கு. வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போ."

நட் டைட்டாக இருக்கிறது, ஆனாலும் சக்கரம் ஆடுகிறது. இந்த விஷயத்தில் புதிதாக இறங்குகிற யாருக்கும் முதலில் குழப்புவது இதுதான். நட் என்றாலே இறுக்கம் என்றுதான் நாம் நினைக்கிறோம். எவ்வளவு இறுக்கினாய் என்றுதான் கேட்கிறோம். அந்த நட் எங்கே உட்காருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

போய் ஜாக்கி போட்டுத் தூக்கி, பின்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். மெல்லிய 'டக்' சத்தம். ஒரு நட்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அடிப்பக்கம் தட்டை, தோசைக்கல் மாதிரி. பிறகு டார்ச் அடித்து அலாய் ஓட்டைக்குள் பார்த்தேன். ஓட்டை நேராக இறங்கவில்லை. வாய் அகன்று, உள்ளே போகப் போகக் குறுகி, புனல் போல இருந்தது. அந்தப் புனலின் மேல் விளிம்பில் மட்டும், நூல் கனத்தில், பளபளவென்று ஒரு வளையம். அதற்குக் கீழே சரிவு முழுவதும் கறுப்புப் பெயின்ட் பெட்டியில் வந்தபடியே இருந்தது. வளையத்திலும் ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாகக் கடிபட்டு, சாம்பல் நிறத்தில் அலுமினியத் தூள் உதிர்ந்திருந்தது. நட் அங்கே உட்காரவே இல்லை. விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

இது ஏன் ஆபத்து என்று புரிய, சக்கரம் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து வர வேண்டும். ஆணியில் சட்டை தொங்குவது போல, சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதியான ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை வெட்டிய கம்பிகளில், அதாவது ஸ்டட்களில், சக்கரம் தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் ஸ்டட் சக்கரத்தைச் சுமப்பதில்லை. ஹப்போடு சேர்த்துப் பிடித்து அழுத்துகிறது. நட்டை முடுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட், இழுத்துவிட்ட ஸ்பிரிங் போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு நெருக்கிப் பிடிக்கிறது. இரண்டு முகங்களுக்கும் நடுவே உள்ள உராய்வுதான் வண்டியின் எடையையும், பிரேக்கையும், பள்ளத்தில் விழும் அடியையும் தாங்குகிறது.

எவ்வளவு விசை என்று கேட்டால் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். 10 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டட்டில் ஒரு நட்டை 60 நியூட்டன் மீட்டருக்கு (முடுக்கும் விசையின் அளவு இது) இறுக்கினால், மரை உலர்ந்து சுத்தமாக இருக்கும்பட்சத்தில், அந்த ஒரு நட் மட்டும் ஏறக்குறைய 3 டன் விசையில் பிடிக்கும். நாலு நட்டுக்கு 12 டன். வண்டியோ 300 கிலோ சொச்சம். இவ்வளவு அதிகமாகப் பிடிப்பதால்தான் சக்கரம் ஹப்பின் மீது துளியும் நகராமல் இருக்கிறது. நகர ஆரம்பித்துவிட்டால் கதை மாறிவிடும். அப்போது நிஜமாகவே சட்டை ஆணியில் தொங்கும் கணக்குத்தான். ஸ்டட் ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து, கம்பியை வளைத்து ஒடிப்பது போல ஒரு நாள் ஒடியும்.

அந்த 3 டன்னும் நட்டின் முகம் வழியாகத்தான் சக்கரத்துக்குள் போக வேண்டும். முழு முகமும் பொருந்தினால் பாரம் பரவும். நூல் கன வளையத்தில் மட்டும் நின்றால், மிருதுவான அலுமினியம் அந்த இடத்தில் நசுங்கிக் கொடுக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நசுங்கினாலே போதும், மயிரிழை நீண்டிருந்த ஸ்டட் தளர்ந்துவிடும். கையால் தொட்டால் நட் டைட்டாகத்தான் தெரியும். பிடிப்பு போயிருக்கும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர்கள் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அதே கணக்கு. மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும். அடியில் சாந்து சேராத இடத்தில் 'டொக்'கென்று கேட்கும். நாற்காலிக் கால் அந்த இடத்தில் நிற்கிற அன்றைக்கு உடையும்.

நட்டின் முகம் மூன்று விதம். அடுப்படியில் வைத்துச் சொன்னால் மறக்காது. தோசைக்கல் மாதிரி தட்டையாக இருப்பது ஒன்று. சில ஸ்டீல் சக்கரங்களுக்கும், வாஷரோடு சேர்த்துச் சில பழைய அலாய்களுக்கும் வரும். இரண்டாவது, குழிப்பணியாரச் சட்டியின் குழி போல உருண்டையான இருக்கை. அதில் உட்கார நட்டின் அடியும் பணியாரத்தின் அடி போல உருண்டிருக்க வேண்டும். மூன்றாவது புனல். நட்டின் அடி பம்பரத்தின் கூர்ப்பக்கம் போலக் கூம்பாக இருக்கும். தனியாக விற்கிற ஏடிவி அலாய்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது ரகம்தான். கூம்பின் கோணம் வழக்கமாக 60 டிகிரி. இந்த 60 என்பது ஒரு பக்கச் சரிவின் கணக்கல்ல, இரண்டு பக்கச் சரிவுக்கும் நடுவே உள்ள முழுக் கோணம்.

கூம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. புனலுக்குள் பம்பரத்தை வைத்தால் அது தானாக நடுவுக்கு வந்து நிற்கும். ஏடிவி சக்கரங்கள் பெரும்பாலும் இந்தக் கூம்புகளை நம்பித்தான் ஹப்பின் நடுவில் நிற்கின்றன. அண்ணன் போட்ட தட்டை நட்டுக்கு நடு எது, ஓரம் எது என்று தெரியாது. போட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. சக்கரம் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ தள்ளி நின்றது. மூன்றாவது சுற்றில் அவர் உணர்ந்த ஆட்டம் அதுதான்.

உருண்டை முகமும் கூம்பு முகமும் குழம்புவது கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். ஹோண்டா கார்களில் கம்பெனி சக்கரத்துக்கு உருண்டை முகம், ஹூண்டாயில் கூம்பு. மரை இரண்டுக்கும் ஒன்றேதான், 12-க்கு ஒன்றரை (இந்த எண்கள் என்னவென்று பின்னால் சொல்கிறேன்). அதனால் ஒன்றின் நட் மற்றதில் தடங்கலே இல்லாமல் ஏறிவிடும். இறுகவும் செய்யும். பணியாரக் குழிக்குள் பம்பரத்தைத் திணித்தது போல, ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். மரை ஏறுகிறதே, அப்புறம் என்ன என்று விடுகிற இடம் இது. அதே ஹோண்டாவுக்கு வெளியில் அலாய் வாங்கிப் போட்டால் பழைய உருண்டை நட் உதவாது. கூம்பு நட் தனியாக வாங்க வேண்டும்.

நட்டும் ஓட்டையும் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு, காசு செலவில்லை. நட்டின் கூம்பில் கண் மையை மெல்லிசாகத் தடவுங்கள். பட்டும் படாமல், விரல் ரேகை தெரிகிற அளவுக்கு. ஓட்டைக்குள் வைத்துக் கையால் அழுத்தி ஒரு அரைச் சுற்று திருப்பி எடுங்கள். ஓட்டையின் சரிவில் அகலமான பட்டையாக மை ஒட்டியிருந்தால் பொருத்தம். மேல் விளிம்பிலோ அடியிலோ கோடு போல மட்டும் ஒட்டியிருந்தால் அந்த நட் அந்தச் சக்கரத்துக்கு இல்லை. பட்டறையில் இதற்கென்று நீல மை வைத்திருப்பார்கள். நாங்கள் அன்றைக்குப் பெரியம்மாவின் பேத்திக்குப் போடுகிற மைச் சிமிழைத்தான் கேட்டு வாங்கினோம். எதுக்குடா என்று கேட்டார். சக்கரத்துக்குத் திருஷ்டி கழிக்க என்றார் அண்ணன்.

சரி, முகம் தெரிந்தாகிவிட்டது. அடுத்தது மரை. கொஞ்சம் கிறுக்குத்தனமாக நடக்கிற ஆளை மரை கழண்ட கேஸ் என்று நாம் சொல்வதுண்டு. நட்டைப் பொறுத்தவரை மரை கழண்டால் பரவாயில்லை, திரும்பப் போட்டுக்கொள்ளலாம். மரை மாறினால்தான் வினை. ஊறுகாய் பாட்டில் மூடியை இன்னொரு பாட்டிலில் போட்டால் கோணலாகக் கவ்விக்கொண்டு நிற்குமே, அது மாதிரி.

மரைக்கு இரண்டு எண். முதல் எண் ஸ்டட்டின் கனம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே உள்ள தூரம். ஹோண்டா, யமஹா, சுசுகி ஏடிவிகள் பலவற்றிலும் 10-க்கு 1.25. கடையில் பத்துக்கு ஒண்ணேகால் என்று கேட்டால் புரியும். கொஞ்சம் பெரிய வண்டிகளில் 12-க்கு ஒன்றரை வருகிறது. போலாரிஸின் பழைய மாடல்கள் பலவற்றில் அங்குலக் கணக்கு: முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது எட்டில் மூன்று பங்கு அங்குல ஸ்டட், ஒரு அங்குலத்துக்கு 24 மரை. இந்தக் கடைசி ரகம்தான் வம்பு. எட்டில் மூன்று அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டர். கண்ணுக்குப் பத்து மாதிரியேதான் தெரியும். அதில் பத்துக்கு ஒண்ணேகால் நட்டைப் போட்டால் லொடலொடவென்று ஏறி, சில சுற்றில் மக்கர் செய்யும். மக்கர் செய்வதை இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டால் தீர்ந்தது.

அளந்து பார்ப்பது கஷ்டமில்லை. வெர்னியர் இருந்தால் ஸ்டட்டின் கனத்தை எடுங்கள். 9.8, 9.9 என்று வந்தால் அது பத்து, 9.4, 9.5 என்றால் அங்குலம். அப்புறம் ஒரு மரையின் உச்சியிலிருந்து ஆரம்பித்து, பத்து மரை தள்ளி உள்ள உச்சி வரை அளந்து பாருங்கள். 12.5 மில்லிமீட்டர் வந்தால் ஒண்ணேகால் மரை. 15 வந்தால் ஒன்றரை. 10.6 வந்தால் அங்குல மரை. வெர்னியர் இல்லையென்றால், அளவு தெரிந்த ஒரு போல்ட்டை எடுத்து ஸ்டட்டோடு மரைக்கு மரை ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சீப்பின் மேல் சீப்பு வைத்த மாதிரி இடைவெளி இல்லாமல் பொருந்தினால் அதே மரை. நடுவில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் வேறு.

கார்களிலும் இது அடிக்கடி நடக்கும். மாருதி 12-க்கு ஒண்ணேகால். ஹூண்டாய் 12-க்கு ஒன்றரை. ஒன்றின் நட் மற்றதில் ஒன்றிரண்டு சுற்று சாதுவாக ஏறும், பிறகு பிடிக்கும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். காற்றழுத்தத்தில் நட் முடுக்குகிற ஏர் கன்னைக் கையில் எடுத்தால் நட்டும் போச்சு, ஸ்டட்டும் போச்சு. புது நட் என்றால் முதல் ஐந்தாறு சுற்று வெறும் விரலால்தான் ஏற்ற வேண்டும் என்பதை நான் ஒரு விரதம் மாதிரியே வைத்திருக்கிறேன். விரலுக்கு வராத நட் பானாவுக்கும் வரக் கூடாது.

அன்றைக்குக் காரைக்குடியில் ஒரு கடையில் அலாய் நட் என்று கேட்டதற்கு, கவுன்டரில் இருந்த பையன் பளபளவென்று கார் நட்டுகளை அள்ளி வைத்தான். அவன் மேல் தப்பில்லை, நாங்கள் கேட்டது அவ்வளவுதான். பழைய நட் ஒன்றைக் கையில் கொண்டுபோய், "பத்துக்கு ஒண்ணேகால் மரை, அறுபது டிகிரி கூம்பு, பதினேழு பானா, பதினாறு எண்ணம்" என்று கேட்டபோதுதான் சரியானது வந்தது. அதுவும் அங்கே இல்லை, சொல்லி வைத்து மூன்று நாள் கழித்து வந்தது. அதுவரை வண்டி கட்டையில் நின்றது.

முகமும் மரையும் பொருந்தினாலும் நீளத்தில் கோட்டை விடலாம். ஸ்டீல் சக்கரம் தகட்டை அடித்துச் செய்தது. நட் உட்காரும் இடத்தில் மூன்று நாலு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அலாய் வார்த்துச் செய்தது, அங்கே பத்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும்கூட இருக்கும். ஸ்டட் பழைய நீளம்தான். ஆகவே நட்டுக்குள் போக மிஞ்சுகிற மரை குறையும். ஸ்டட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது மரை நட்டைக் கவ்வ வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 10 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 10 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் ஏறுவதால், 8 முழுச் சுற்று. 12-க்கு ஒன்றரைக்கும் அதே 8 சுற்றுத்தான் வரும். 12-க்கு ஒண்ணேகால் என்றால் பத்து.

எண்ணிப் பார்ப்பதுதான் சோதனை. சக்கரத்தை மாட்டி, நட்டின் ஒரு மூலையில் சாக்பீஸால் கோடு போட்டு, மரை கவ்விய நொடியிலிருந்து சுற்றை எண்ணுங்கள். அண்ணன் வண்டியில் பத்தரைச் சுற்று வந்தது, பிழைத்தோம். ஐந்தாறு சுற்றில் உட்கார்ந்துவிட்டால் அதோடு இறுக்கி ஓட்டக் கூடாது. ஓட்டைக்குள் இறங்குகிற குழாய் போன்ற கழுத்து உள்ள நட் கிடைக்கிறது. ஓட்டையின் அகலம் இடம் கொடுத்தால் அதைப் போடலாம். இல்லையென்றால் ஹப்பில் நீள ஸ்டட் மாற்ற வேண்டியதுதான். ஸ்டட் மாற்றுவது பெரிய வேலை என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பின்னாலிருந்து அழுத்திப் பொருத்தியதுதான். நல்ல பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

மூடி போட்ட நட்டில் இதற்கு நேர் எதிரான கோளாறு. ஸ்டட் நீளமாக இருந்தால், நட் சக்கரத்தில் உட்காருவதற்கு முன்பே ஸ்டட்டின் நுனி மூடிக்குள் போய் முட்டும். பானாவில் இறுகின மாதிரியே தெரியும். வைத்த அளவுக்கு இறுகியதும் சத்தம் கொடுக்கிற டார்க் ரெஞ்ச் கூட 'கிளிக்' என்று ஒத்துக்கொள்ளும். சக்கரமோ காற்றில் இருக்கும். இதைப் பிடிக்கவும் எண்ணிக்கைதான். சக்கரம் இல்லாமல் வெறும் ஸ்டட்டில் நட்டைக் கடைசி வரை விரலால் ஏற்றி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பிறகு சக்கரத்தோடு எண்ணுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிட இரண்டு மூன்று சுற்றாவது குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் முட்டுகிறது என்று அர்த்தம். எனக்கு மூடி நட் பிடிக்காததற்கு இதுவே காரணம். அழகுக்காகக் கண்ணை மூடிக்கொள்வது போல. திறந்த நட்டில் ஸ்டட்டின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும், மனசுக்கு நிம்மதி.

சக்கரமே வண்டிக்குப் பொருந்துகிறதா என்பது நட்டுக்கு முந்தின கேள்வி என்பதால் அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு ஸ்டட் வண்டியில், எதிரெதிர் ஸ்டட்களின் நடுவிலிருந்து நடு வரை உள்ள தூரம்தான் அளவு. யமஹா, ஹோண்டா, சுசுகி பலவற்றுக்கும் 4×110, அதாவது நாலு ஸ்டட், 110 மில்லிமீட்டர்; கான்-ஆம், கவாசாகி பலவற்றுக்கு 4×137; போலாரிஸுக்கு 4×156. இது ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் கூம்பு வைத்து இழுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஸ்டட் வளையும். அடுத்து, ரிம்மில் 5+2, 4+3 என்று போட்டிருப்பது அதன் அகலம் உள்ளே எத்தனை அங்குலம், வெளியே எத்தனை அங்குலம் என்பது. 5+2 இருந்த இடத்தில் 4+3 போட்டால் ஒவ்வொரு சக்கரமும் ஒரு அங்குலம் வெளியே தள்ளும். பார்க்க அகலமாக, கெத்தாக இருக்கும். ஸ்டட்டுக்கும் பேரிங்குக்கும் பாரம் கூடும்.

அலாய் ஓட்டையைச் சுற்றியுள்ள கிணறு குறுகலாக இருந்தால் சாதாரண சாக்கெட் உள்ளே நுழையாது, ஓரத்தைச் சுரண்டும். மெல்லிய சுவருள்ள சாக்கெட் வாங்கலாம். இதற்காகவே பல்சக்கரம் போல வெளிப்புறம் வெட்டிய ஒல்லி நட்டும், அதற்கென்று ஒரு தனிச் சாவியும் வரும். அந்தச் சாவி தொலைந்தால் செட்டிநாட்டு வீட்டு நிலைக்கதவுப் பூட்டின் சாவி தொலைந்த கதைதான், இன்னொன்று எங்கேயும் கிடைக்காது. தோப்புக்குள் பஞ்சரானால் சீமைக்கருவேல் முள்ளைத் திட்டிக்கொண்டு நடந்தே வர வேண்டும். அண்ணனுக்கு 17 பானாவே போதும் என்று சொல்லிவிட்டேன்.

இனி துரு. நட் இரும்பு, சக்கரம் அலுமினியம். இரண்டு வேறு உலோகம் ஒட்டி நின்று நடுவே ஈரமும் உப்பும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் அலுமினியம்தான் தன்னைக் கரைத்துக்கொள்ளும். நட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்த மாதிரி பொடி தெரிவது அதுதான். இந்தச் சமாசாரத்தையெல்லாம் ஆராய்ச்சி செய்வதற்கென்றே ஒரு நிலையம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. சிக்ரி என்று நாம் கூப்பிடும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தது. உலோக அரிப்பு பற்றிய ஆராய்ச்சியில் பேர் பெற்ற நிலையம். அதன் வாசல் வழியாக நட் வாங்கப் போய்வந்து, துருப் பிடித்த நட்டைப் போட்டால் நன்றாகவா இருக்கும்?

மலிவான குரோம் நட்டில் இன்னொரு தொல்லை. கூம்பின் மேல் உள்ள பளபளப்பு நாலு தடவை கழற்றி மாட்டினால் தோல் போல உரியும். உரிந்த செதில் கூம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாட்டினால், மறுபடி அதே பொருந்தாத கதை. துத்தநாகப் பூச்சு உள்ள நட் மங்கலாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

துருவுக்குப் பயந்து மரையில் கிரீஸ் தடவுகிறவர்கள் உண்டு. மேனுவலில் தடவச் சொல்லியிருந்தால் ஒழிய வேண்டாம். முன்பு சொன்ன 60 நியூட்டன் மீட்டருக்கு 3 டன் என்ற கணக்கு உலர்ந்த மரைக்கு. கிரீஸ் வழுக்குவதால், அதே 60-க்கு ஸ்டட் நாலரை டன்னுக்கும் மேல் இழுபடும். சாதாரண ரக 10 மில்லிமீட்டர் ஸ்டட் நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்குவது மூன்றரை டன் சொச்சம்தான். நீண்டுவிட்ட ஸ்டட் திரும்பச் சுருங்காது. சுருங்காத ஸ்டட்டுக்குப் பிடிப்பும் இல்லை. மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, உலர்வாகப் போடுங்கள்.

கடைசியில்தான் இறுக்கம். இதற்கு உங்கள் வண்டி மேனுவலில் உள்ள எண்ணே கணக்கு. 10 மில்லிமீட்டர் ஸ்டட் உள்ள ஜப்பானிய வண்டிகளில் 55 நியூட்டன் மீட்டர் சொல்கிறவையும் உண்டு, 64 சொல்கிறவையும் உண்டு. 60 என்பது எவ்வளவு? 30 சென்டிமீட்டர் நீளப் பானாவின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. அதாவது ஒரு கையால் நன்றாக அழுத்தினால் போதும். 70 கிலோ ஆள் 60 சென்டிமீட்டர் லாரிப் பானாவின் நுனியில் ஏறி நின்றால் அது 400-ஐத் தாண்டும். இந்த ஊரில் வீல் நட் என்றால் ஏறி மிதிப்பதுதான் வழக்கம். லாரிக்கு அது சரி. இதற்குக் கிடையாது.

இதை நான் பாடமாகப் படித்ததைவிடப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடம் முன்பு இதே வண்டியின் பஞ்சருக்காகச் சக்கரத்தை ஒரு டயர் கடைக்கு எடுத்துப் போகாமல், சோம்பேறித்தனமாக வண்டியையே டெம்போவில் ஏற்றிப் போனோம். கடையில் லாரிக்குப் போடுகிற ஏர் கன்னை எடுத்து ஒரே அழுத்து. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நட் ஸ்டட்டின் துண்டோடு உருண்டு சாக்கடையில் விழுந்தது. "பழைய ஸ்டட்டுண்ணே" என்றார்கள். பழையதுதான், ஆனால் ஒடியும் வயசில்லை. அன்றைக்கு மாலையே டார்க் ரெஞ்ச் வாங்கினேன்.

மாட்டும் வரிசையும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிற்கும்போது நாலு நட்டையும் விரலால் ஏற்றி, மேலே ஒன்று, அதற்கு நேர் கீழே ஒன்று, பிறகு இடது, வலது என்று எதிரெதிராகப் பானாவால் லேசாகப் பிடிக்க வைக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் முதல் நட் சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்துக் கோணலாக்கிவிடும். பிடிக்க வைக்கும்போது மற்றொரு கையால் சக்கரத்தை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் கூம்புகள் தங்கள் இடத்தைத் தேடிப் போய் உட்காரும். அந்த நொடி கைக்குத் தெரியும். கரகரவென்று இருந்தது சட்டென்று அடங்கும். அப்புறம் ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு, பாதி அளவுக்கு ஒரு சுற்று, முழு அளவுக்கு ஒரு சுற்று, அதே எதிரெதிர் வரிசையில்.

புது அலாயில் முதல் ஓட்டத்துக்குப் பிறகு திரும்ப ஒரு தடவை டார்க் பார்த்தே ஆக வேண்டும். ஓட்டைச் சரிவில் உள்ள பெயின்ட் நசுங்கி இடம் கொடுக்கும், ஸ்டட் அந்த அளவுக்குத் தளரும். சூடு ஆறிய பிறகு பாருங்கள். நாங்கள் கூம்பு நட் போட்டு, கரையில் ஐந்து சுற்று போய், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது பின்பக்கம் இரண்டு நட் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தன. மறுநாள் பார்த்தபோது எதுவும் நகரவில்லை. ஒவ்வொரு நட்டிலும் பக்கத்து ரிம்மிலும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். கோடு உடைந்து தெரிந்தால் நட் நகர்ந்திருக்கிறது. தோப்புக் காவல்காரர் தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்.

பழைய தட்டை நட்டு பதினாறையும் தூக்கிப் போடவில்லை. கம்பியில் கோத்து, கொட்டகையில் சாய்த்து வைத்திருக்கும் பழைய ஸ்டீல் சக்கரத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அந்தச் சக்கரம் என்றைக்காவது திரும்ப வண்டியில் ஏறினால், அதற்கு அந்த நட்தான்.